விதையின் தோற்றமும் தாய்மீது சுமத்தப்படும் பழியும்

அடுத்தடுத்துப் பெண் மகவைப் பெற்ற தாய் பழிச்சொல் கேட்பது ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களின் லயங்களில் மாத்திரமன்றி, தமிழர் வாழும் இடமெங்கும் நாம் அறிந்த செய்தியே. இப்பழிக்கு ஆதாரம் உண்டா என்பதை முளையவியலின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாயின் முட்டை எக்ஸ் நிறமூர்த்தத்தையே கொண்டுவருகின்றது. தந்தையின் விந்து எக்ஸ் அல்லது வை நிறமூர்த்தத்தைக் கொண்டுவரலாம். எனினும் ஏறத்தாழ ஆறாம் வாரம்வரை மனித முளையத்தில் ஆண், பெண் என்ற வேறுபாடு புலப்படுவதில்லை. ஐந்தாம் வாரத்தில் இடைச்சிறுநீரகத்தின் உட்புறமாக இரு வரம்புகள் எழுகின்றன. விதையாகவோ சூலகமாகவோ ஆகக்கூடிய பொது உறுப்பு இதுவே. இனப்பெருக்கத்துக்குரிய மூலக்கலங்கள் அங்கே பிறப்பதில்லை. கருவூண்பையின் சுவரில் தோன்றி, குடலின் வழியே நகர்ந்து, அவ்வரம்புகளை வந்தடைகின்றன.

வை நிறமூர்த்தத்திலுள்ள எஸ்.ஆர்.வை என்னும் பரம்பரையலகு தொழிற்படத் தொடங்கியதும் நிலைமை மாறுகின்றது. அது சொக்ஸ் 9 என்னும் மற்றொரு பரம்பரையலகைத் தூண்ட, சேர்டோலிக் கலங்கள் உருவாகி, மூலக்கலங்களைச் சூழ்ந்து நாண்களாக அமைகின்றன. ஏழாம் வாரமளவில் விதை இனங்காணத்தக்கதாகின்றது. சேர்டோலிக் கலங்கள் சுரக்கும் ஓமோன், கருப்பையாக வளரவிருந்த முல்லரின் கான்களை அழிக்கின்றது. லேடிக் கலங்கள் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோன், விந்துப் பாதையாகும் வுல்பின் கான்களைக் காக்கின்றது. வயிற்றறையில் உருவான விதை பொதுவாக ஏழாம், எட்டாம் மாதங்களில் விதைப்பைக்குள் இறங்குகின்றது. ஹோட்டன் சமவெளியின் மரையிலும் விதை இவ்வாறே இறங்குகின்றது. யானையிலோ வாழ்நாள் முழுவதும் வயிற்றறையிலேயே தங்கிவிடுகின்றது.

இவ்வறிவு படிப்படியாகவே பெறப்பட்டது. 1947இல் பிரெஞ்சு அறிஞர் அல்பிரட் ஜொஸ்ட், தாய் முயலின் கருப்பையிலிருந்த குட்டிகளின் பாலுறுப்பு மூலங்களை அகற்றியபோது, அவையாவும் பெண் கான்களுடன் வளரக் கண்டார். வை நிறமூர்த்தமே ஆண்பாலை நிர்ணயிக்கின்றது என்பது 1959இல் தெளிவாயிற்று. எஸ்.ஆர்.வை 1990இல் இலண்டனில் இனங்காணப்பட்டது. மறு ஆண்டிலேயே, இரு எக்ஸ் நிறமூர்த்தங்களைக் கொண்ட சுண்டெலி முளையத்தில் அதனைப் புகுத்தியபோது விதை உருவாயிற்று.

ஆயின் ஜொஸ்டின் முடிவிலிருந்து, ஆண்மை ஆக்கப்படுவது, பெண்மை வெறுமனே எஞ்சி நிற்பது என்றொரு கருத்து நெடுங்காலம் நிலவியது. இதுவும் பிழையே. சூலகத்தை ஆக்கவும் பேணவும் தனியான பரம்பரையலகுகள் ஓயாது தொழிற்படுகின்றன. வளர்ந்த பெண் சுண்டெலியின் சூலகத்தில் பொக்ஸ் எல் 2 என்னும் பரம்பரையலகை நீக்கியதும், அங்குள்ள கலங்கள் விதைக்குரிய இயல்பைப் பெற்றமை 2009இல் காட்டப்பட்டது. ஓயாத உழைப்பைக் காணாது விடுதல் ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரிய குறையன்று. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் 1984இலேயே கிடைத்தது.

இத்துணைப் படிகள் கொண்ட சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி வேறுபட்டால், பால் அடையாளம் தெளிவற்ற குழந்தை பிறத்தலும் கூடும். அது சாபமன்று, மருத்துவரின் கவனிப்புக்கும் பெற்றோரின் அன்புக்கும் உரிய உடலியல் வேறுபாடேயாகும்.

எந்த விந்து முட்டையை அடையும் என்பது தாயின் கையிலும் இல்லை, தந்தையின் விருப்பிலும் இல்லை. ஆகவே பழியைத் தாயிடமிருந்து தந்தைக்கு மாற்றுவது நம் நோக்கமன்று. பெண் பிறப்பதில் பழிக்கு இடமே இல்லை என்பதே நாம் வலியுறுத்துவதாகும்.