வினாவும் விடையும்

வினா ஆறு, விடை எட்டு என்று வகுத்தார் நன்னூல் செய்த பவணந்தியார். பேட்டி என்னும் கலைக்கும் இலக்கணம் அதுவே.

2002 ஏப்ரல் 10 அன்று கிளிநொச்சியில் வேலுப்பிள்ளை பிரபாகரன் உலகச் செய்தியாளரைச் சந்தித்தார். அன்ரன் பாலசிங்கம் மொழிபெயர்த்தார். 1991இல் நிகழ்ந்த ராஜீவ் காந்தி கொலையைப் பற்றி வினவியபோது, அது ஒரு ‘துன்பியல் சம்பவம்’ என்று விடை வந்தது. துன்பியல் என்பது நாடக நூலார் சொல். செய்தவர் யாரென்பதை அது சொல்லாது. எட்டனுள் இறுதியான இனமொழி விடையோடு இதனை ஒப்பிடலாம். இனமொழியால் உண்மை விடை குறிப்பாக விளங்கும் என்பர் இலக்கணத்தார். இங்கோ விளங்கியது ஆளுக்கொன்று.

தலைவர்க்குப் பேட்டி தாம் விரும்பியதை உரைக்கும் மேடை. வினவுவார்க்கு அது வாய்மை தேடும் வழி. ஆதலின் இக்கலையின் உயிர் இரண்டாம் வினாவிலேயே உள்ளது. வகுப்பறையில் அதனைக் கேட்கும் மாணவனை ஆசிரியராகிய நாம் அடக்காதிருப்போமாக.