மலையேறும் வண்டு

தேயிலை செடியா, மரமா என்று மாணவரை வினவினால், செடி என்றே பெரும்பாலோர் விடை பகர்வர். உண்மையில் அது மரமே. கவ்வாத்துக் கத்தி படாது விட்டுவிட்டால் வீட்டுக் கூரைக்கு மேலும் வளரும். கொழுந்து கொய்வதற்காகவே நாம் அதனை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம். அம்மரத்தை உள்ளிருந்து குடையும் பகைவன் ஒருவனைக் கண்டிச் சீமையின் தோட்டங்கள் நூற்றாண்டுக்கு மேலாக அறியும்.

அவன் ஒரு சிறு கருவண்டு. நீளம் இரண்டு மில்லிமீற்றர் அளவே. துப்பாக்கிச் சன்னம் பாய்ந்தாற்போல் கிளையிலே வட்டத் துளை இடுவதால், ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் இதனை 'ஷொட் ஹோல் போரர்' என்றனர். இலங்கைத் தேயிலையில் இது 1892 ஆம் ஆண்டிலேயே காணப்பட்டது.

விந்தை யாதெனில், இவ்வண்டு மரத்தை உண்பதில்லை. தாய் வண்டு கிளைக்குள் சுரங்கம் தோண்டி, தான் சுமந்து வந்த பூஞ்சணத்தை அதன் சுவரிலே விதைக்கிறது. குஞ்சுப் புழுக்கள் அப்பயிரை உண்டு வளர்கின்றன. உழவன் நம்மவன் மட்டுமல்லன் போலும்! ஆனால் குடைந்த கிளை காற்றிலும் கைபட்டும் ஒடிகிறது. ஒடிந்த கிளையிலே கொழுந்து ஏது? கொழுந்தின் நிறை குறைந்தால், வெயிலிலும் மழையிலும் நின்று பறித்த பெண்ணுக்கு அன்றைக்கு 'அரைப் பேர்' தான். சிறு தோட்டக்காரர் வீட்டிலோ பிள்ளைகளின் பள்ளிச் செலவே தடுமாறும்.

இனி, இவ்வண்டு எங்கே பரவும் என்பதை முன்கூட்டி அறிய இயலுமா? ஓரளவு இயலும். பூச்சிக்கு நம்மைப்போல் உடற்சூடு இல்லை. புறத்தே உள்ள வெப்பமே அதன் வளர்ச்சியை நடத்துகிறது. ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்குக் கீழே இவ்வண்டு வளராது என்று நம் நாட்டு ஆய்வாளர் கண்டுள்ளனர். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு பாகையும் நாள்தோறும் வரவு வைக்கப்படும். வரவு ஏறத்தாழ 370 ஆகும்போது முட்டை முழு வண்டாகிவிடும்.

மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். குண்டசாலை, கண்டிப் பகுதியின் சராசரி வெப்பம் 24 பாகை எனக் கொள்வோம். நாள் வரவு ஒன்பது. ஆகவே ஒரு தலைமுறைக்கு 41 நாள். அது 25 பாகையானால் 37 நாள். வேறுபாடு சிறிதே. நுவரெலியாவிலோ சராசரி 16 பாகை. நாள் வரவு ஒன்று. ஒரு தலைமுறைக்கு ஓராண்டு கழியும். அங்கே ஒரே ஒரு பாகை கூடினால் வரவு இரண்டாகும்; காலம் பாதியாகும்! புவி வெப்பமடைவதால் நேரும் மாற்றம் தாழ்ந்த இடத்தைவிட உயர்ந்த இடத்திலேயே மிகுதி என்பது இதனால் விளங்கும். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது பொது விதி. எனவே ஒரு பாகை வெப்பம் கூடுவது, வண்டுக்கு நூற்றைம்பது மீற்றர் உயர ஏணி வைத்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும். குளிரே மதிலாக நின்ற தோட்டங்களில் அம்மதில் தாழ்கிறது.

கனடாவிலும் இதுவே நிகழ்ந்தது. கடுங்குளிரில் மடிந்துவந்த பைன் மர வண்டு, குளிர் தணிந்த ஆண்டுகளில் பெருகி, 2006 ஆம் ஆண்டளவில் ரொக்கி மலைத்தொடரையும் கடந்து அல்பேட்டா மாகாணத்திற் பெருந்திரளாய் இறங்கியது.

எனினும் வெப்பம் ஒன்றே விதியன்று. முன்னொரு காலத்தில் இத்துளை வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அது, இலைச்சுருட்டிப் புழுவை அடக்குவதற்காக 1930களில் சாவகத் தீவிலிருந்து கொணரப்பட்ட நற்குளவியையும் கொன்றது. விளைவு யாது? இலைச்சுருட்டி பெருகிற்று. ஆகவே முன்கணிப்போர் வெப்பமானியோடு மழையையும், நிழல் மரத்தையும், கவ்வாத்துக் காலத்தையும், பூச்சிக்குப் பகையான பூச்சியையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

தலவாக்கலையிலும் கண்டி அந்தானையிலும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தார் பணி புரிகின்றனர். ஆயினும் ஒவ்வொரு மலைக்கும் ஓர் ஆய்வாளரை நிறுத்த இயலாது. உயரமான தோட்டங்களில் கவ்வாத்து வெட்டும்போது வெட்டிய கிளைகளைப் பிளந்து துளை உண்டா எனப் பார்ப்பதும், பள்ளிகளில் நாள்தோறும் வெப்பநிலையைக் குறித்து வைப்பதும் எவருக்கும் கூடும். வண்டு ஏணியின் எந்தப் படியில் நிற்கிறது என்பதை அக்குறிப்புகளே நமக்குச் சொல்லும்.