வலி வயிற்றில், ஊசி எதற்கு?

"ஏனுங்க டாக்டர், வலி வயித்துல. ஊசி ரத்தம் உறையாம இருக்கறதுக்காம்! இதென்னங்க கூத்து?"

சோமனூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டது. விசைத்தறி ஓட்டும் கணவருக்குத் திடீர்க் கணைய அழற்சி, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுக்கலாமா என்று கேட்கத்தான் என்னிடம் வந்திருந்தார்.

"நிறுத்தவே கூடாது அம்மணி" என்றேன். சித்த வைத்தியனிடம் இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது கணையம். அதில் சுரக்கும் செரிமான நீர், பித்தப்பைக் கல்லாலோ குடிப்பழக்கத்தாலோ, குடலுக்குப் போகுமுன்பே கணையத்தை அரிக்கத் தொடங்கிவிடும். மேல்வயிற்றில் பிடித்து முதுகுவரை பாயும் வலி, ஓயாத வாந்தி. நம் வீடுகளில் இதை வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தே ஒரு நாளைக் கடத்திவிடுவார்கள்!

மண்ணீரலிலிருந்து வரும் ரத்தக்குழாய் கணையத்தின் முதுகை ஒட்டியே ஓடுகிறது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் நம் சுவரும் சுடுமல்லவா? குழாயின் உட்சுவர் புண்ணாகிறது. வீக்கம் நசுக்குவதால் ஓட்டம் மந்தமாகிறது. அழற்சியால் ரத்தமும் சீக்கிரம் உறையும் தன்மை பெறுகிறது. கட்டி விழ வேறென்ன வேண்டும்? அடைபட்ட ரத்தம் இரைப்பைச் சுவர் வழியே சுற்றிப் போகும். அங்கே குழாய்கள் புடைத்து, பின்னாளில் வெடித்து ரத்த வாந்தி வரலாம். பெரும்பாலும் ஸ்கேன் எடுக்கும்வரை இது தெரிவதே இல்லை.

படுத்தே கிடப்பதால் காலிலும் கட்டலாம். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இதைத் தடுக்கத்தான் ஹெப்பாரின் ஊசி. இதே நோயில் உள்ளே ரத்தக்கசிவும் வரலாம் என்பதால், யாருக்கு எவ்வளவு என்பதை டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்வார். நடுவில் அவருக்குத் தெரியாமல் பூண்டு லேகியம், சூரணம் எதையும் கொடுக்காதீர்கள். சில மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன்தான் சொல்கிறேன். எங்கள் மருந்துக்கு இது வேளையல்ல.

எழுந்தபோது அவர் கூடையில் ஒரு பாட்டில் தெரிந்தது.

"குடுத்தாச்சா?"

"இல்லீங்க. மாமியார் காய்ச்சிக் குடுத்தாங்க. உங்களக் கேட்டுட்டுக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

பாட்டிலை என் மேஜையிலேயே வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.