குறட்டை: எலும்பில்லாத குழாயின் ஓசை

குறட்டை மூக்கில் பிறப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது பிறப்பது தொண்டையில். மூக்குக்கு எலும்புக்கூடு உண்டு. மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் விரித்துப் பிடிக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தொண்டைக்கு மட்டும் அப்படி விறைப்பான சட்டம் எதுவும் இல்லை. அது குறைபாடும் அல்ல. விழுங்குவதற்கும் பேசுவதற்கும் அந்தக் குழாய் கணத்துக்குக் கணம் உருமாற வேண்டுமே!

விழித்திருக்கும்போது இருபதுக்கும் மேற்பட்ட தசைகள் அதைத் திறந்து வைக்கின்றன. அவற்றில் ஒன்று நாக்கை முன்னோக்கி இழுத்துப் பிடிப்பது. நாம் மூச்சை இழுப்பதற்கு ஒரு கணம் முன்பாகவே அது தயாராக இறுகிவிடும். எவ்வளவு நுட்பமான காவல்!

தூக்கத்தில் இந்தக் காவல் தளர்கிறது, குழாய் குறுகுகிறது. குறுகலான இடத்தில் காற்று வேகமெடுக்கும். வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். மென்மையான சுவர் உள்ளே இழுபட்டு, மீண்டு, மறுபடி இழுபடும். மெல்லண்ணமும் உள்நாக்கும் இப்படிப் படபடக்கும் ஓசையே குறட்டை. சீராகப் பாயும் காற்றுக்கே, குழாயின் விட்டம் பாதியானால் தடை 16 மடங்காகும். அதனால்தான் சிறு மாற்றம்கூடப் பெரிய பலன் தருகிறது.

மல்லாந்து படுத்தால் நாக்கு தன் எடையாலேயே பின்னால் சரியும்; ஒருக்களித்துப் படுத்தால் பலருக்குச் சத்தம் குறையும். மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துகிறது. மூக்கடைப்பு இருந்தால் காற்றை இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. உடல் எடை ஏறும்போது நாக்கினுள்ளும் கொழுப்பு சேர்கிறது! எடை குறையும்போது நாக்கும் மெலிகிறது என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஸ்கேன் படங்கள் மூலம் காட்டினார்கள்.

தசைதான் சிக்கல் என்றால் அதற்கு உடற்பயிற்சி கொடுக்கலாமே? சுவிட்சர்லாந்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட மரக்குழல் வாத்தியம் டிஜெரிடூ. கன்னத்தில் காற்றைத் தேக்கி ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்க வேண்டும். நம்மூர் மகுடிக்காரர்களின் வித்தையும் அதுதான். குறட்டையும் மிதமான தூக்க மூச்சுத்தடையும் இருந்த 25 பேரில் ஒரு பிரிவினர் நான்கு மாதம் இதைப் பழகினார்கள். அவர்களுக்கு மூச்சுத்தடை குறைந்தது, பகல் தூக்கக் கலக்கமும் குறைந்தது, பக்கத்தில் படுத்தவர்களும் நிம்மதியாகத் தூங்கினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 2017இல், சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசையும் பெற்றது, அதுவும் சமாதானப் பிரிவில்.

தூக்க மூச்சுத்தடை என்றேன். தொண்டை முழுதாக மூடிக்கொண்டு மூச்சு 10 நொடியோ அதற்கு மேலோ நின்றுபோவது அது. குறட்டை திடீரென அடங்கி, பிறகு திணறலோடு தொடங்கினால், பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கினால், கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கக்கூடிய விஷயம் இது.

ஒரு காலத்தில் இது கடுமையாக இருந்தவர்களுக்குக் கழுத்தில் துளையிடுவதுதான் வழி. சிட்னி மருத்துவர் காலின் சலிவன் வேறு விதமாக யோசித்தார். குழாய்க்குள் சட்டம் இல்லாவிட்டால் என்ன? காற்றையே சட்டமாக்கினால்? மூக்கில் முகமூடி பொருத்தி, இடைவிடாமல் இதமான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார். 1981இல் லான்செட் இதழில் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையில் ஐந்து நோயாளிகள். தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர்மட்டம். ஒரு டம்ளர் தண்ணீர் அதன் அடித்தட்டில் தரும் அழுத்தம், அவ்வளவே. ஐந்து பேருக்கும் தொண்டை மூடவே இல்லை. இரவு முழுவதும் இடையூறின்றித் தூங்கினார்கள்.