எண்ணெய் வைத்தியம், தொக்கணம், பிசியோதெரபி... ஹெல்த் இன்சூரன்ஸில் கிளைம் கிடைக்குமா? முழு விவரம் இதோ!

இடுப்பு வலி, கழுத்து வலி, மூட்டு வலி என்று வந்துவிட்டால் எண்ணெய் வைத்தியம் பார்ப்பது நம்ம ஊரில் புதிதல்ல. தருமபுரி மாவட்டம் இண்டூர் மாதிரி விவசாய ஊர்களில், நாள் முழுக்க குனிந்து வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தேவை அதிகம். ஆனால் ஒரு வாரம் தங்கி சிகிச்சை எடுத்தாலே பில் ஆயிரக்கணக்கில் வந்துவிடும். 'ஆயுஷ் கவர் இருக்கு' என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி பில்லைக் கொடுத்தால், 'இதுக்கு கிளைம் இல்லை' என்று பதில் வருவதும் உண்டு. ஏன் அப்படி? விதி என்ன சொல்கிறது?

2024-ல் என்ன மாறியது?

முன்பு பல பாலிசிகளில் சித்தா, ஆயுர்வேதம், யோகா - இயற்கை மருத்துவம், யுனானி, ஹோமியோபதி சிகிச்சைகளுக்குத் தனி உச்சவரம்பு இருந்தது. 5 லட்சம் ரூபாய்க்கு பாலிசி எடுத்திருந்தாலும், ஆயுஷ் சிகிச்சைக்கு அதில் ஒரு சிறு தொகைதான் கிடைக்கும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2024 ஜனவரி 31-ம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஆயுஷ் சிகிச்சையையும் மற்ற சிகிச்சைகளுக்கு இணையாக நடத்த வேண்டும் என்றது. இது 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது.

உச்சவரம்புதான் போனது. மற்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கின்றன. பலரும் சிக்குவது இங்கேதான்.

எந்த மசாஜுக்கு பணம் கிடைக்கும்?

இன்சூரன்ஸ் நிறுவனம் 'மசாஜ்' என்ற ஒன்றுக்காகப் பணம் தருவதில்லை. ஒரு நோய்க்கு, மருத்துவமனையில் அட்மிட் ஆகி எடுக்கும் சிகிச்சைக்குத்தான் தருகிறது. அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியாக சித்த மருத்துவத்தின் தொக்கணமோ, ஆயுர்வேதத்தின் அப்யங்கமோ இருந்தால் அதுவும் சேரும். பார்க்க வேண்டியவை நான்கு:

* இடம்: தனியார் ஆயுஷ் மருத்துவமனை என்றால் குறைந்தது 5 படுக்கைகள், 24 மணி நேரமும் பொறுப்பில் தகுதியுள்ள மருத்துவர், தினசரி சிகிச்சைப் பதிவேடு ஆகியவை வேண்டும்.

* மருத்துவர்: சித்தா என்றால் பிஎஸ்எம்எஸ் போன்ற பட்டமும் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் வேண்டும். பரம்பரை வைத்தியரிடம் கட்டு போட்டால், வலி குறைந்தாலும் கிளைம் வராது.

* அட்மிஷன்: பொதுவாக 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருக்க வேண்டும். தினமும் போய் ஒரு மணி நேரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீடு திரும்புவது புறநோயாளி கணக்கு. ஓபிடி கவர் தனியாக இருந்தால்தான் பணம் வரும்.

* காரணம்: ஏன் அட்மிட் ஆக வேண்டியிருந்தது என்பது மருத்துவரின் குறிப்பில் இருக்க வேண்டும். உடல் சோர்வு, புத்துணர்ச்சி என்று எழுதியிருந்தால் நிராகரிக்கப்படலாம்.

ஸ்பா, இயற்கை சிகிச்சை கிளினிக், ஓய்வு சிகிச்சை ஆகியவை ஐஆர்டிஏஐ-யின் பொதுவான விலக்குப் பட்டியலிலேயே உள்ளன.

காத்திருப்புக் காலம்

பாலிசி எடுத்த மறுமாதமே முதுகு வலிக்கு கிளைம் கேட்க முடியாது. முதுகுத்தண்டு வட்டு விலகல் போன்றவற்றுக்கு பல பாலிசிகளில் 24 மாதம் காத்திருக்க வேண்டும். விபத்தால் வந்தது என்றால் விலக்கு உண்டு. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய் என்றால், காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்.

பில் எப்படி இருக்கணும்?

ஒரு உதாரணம். இண்டூர் விவசாயி ஒருவர் 2 லட்சம் ரூபாய்க்கு 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசி வைத்திருக்கிறார், காத்திருப்புக் காலமும் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சித்த மருத்துவமனையில் 7 நாள் தங்குகிறார்.

அறை வாடகை 10,500 ரூபாய், மருத்துவர் கட்டணம் 3,500 ரூபாய், தொக்கணம் உள்ளிட்ட சிகிச்சை 10,000 ரூபாய், மருந்து, எண்ணெய் 6,000 ரூபாய். மொத்தம் 30,000 ரூபாய்.

இந்தப் பாலிசியில் அறை வாடகை ஒரு நாளைக்கு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய். இவருக்கு 4,000 ரூபாய் வரை அனுமதி. நாளுக்கு 1,500 ரூபாய்தான் ஆகியிருப்பதால் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு கிளைமிலும் 5 சதவீதத்தை நோயாளியே ஏற்க வேண்டும். அதாவது அவர் கையிலிருந்து 1,500 ரூபாய், நிறுவனம் தருவது 28,500 ரூபாய்.

இதே தொகையை 'மசாஜ் பேக்கேஜ் - 30,000' என்று ஒரே வரியில் எழுதினால் கேள்வி வரும். தேதி வாரியாக, சிகிச்சை வாரியாகப் பிரித்த பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சீட்டு இல்லாமல் வாங்கிய லேகியம், டானிக் கணக்கில் சேராது.

பிசியோதெரபிக்கு?

ஆபரேஷன் அல்லது விபத்து சிகிச்சைக்குப் பிறகு அதே பாதிப்புக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த பிசியோதெரபி, 'டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு' என்ற வகையில் பல பாலிசிகளில் வரும். ஆரோக்கிய சஞ்சீவனியில் இந்தக் காலம் 60 நாள்.

பாலிசியே இல்லாதவர்களுக்கு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கவர் உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான். எண்ணெய் வைத்தியத்துக்கு இதை நம்பிப் போகும் முன் 1800 425 3993 என்ற எண்ணில் கேட்டுவிடுவது நல்லது.

அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் கட்டணம் இல்லை. படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாக பிசியோதெரபி தருகிறார்கள்.

கிளைம் மறுத்தால்?

எந்த விதிப்படி மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் புகார் கொடுக்க வேண்டும். ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தியாக இல்லாவிட்டால், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

அட்மிட் ஆகும் முன் ஒரே ஒரு போன் செய்து, 'இந்த மருத்துவமனையில், இந்த நோய்க்கு, இந்த சிகிச்சைக்கு கவர் இருக்கா?' என்று இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேளுங்கள். பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொண்டால், பின்னால் பிரச்சினை வந்தாலும் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.