உம்மாவின் ஊசியும் ஒரு ஹலால் கேள்வியும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு சகோதரி தன் கணவருடன் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு மருந்துப் பை. அதனுள் பத்துக்கும் மேற்பட்ட சிறிய ஊசிகள், உறை பிரிக்கப்படாமலே கிடந்தன.

“மௌலவி, உம்மாவுக்குக் குடலில் கென்சர். ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தினமும் ஒன்று போடச் சொல்லி இதைத் தந்தார்கள். இது பன்றியில் எடுக்கிற மருந்து என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து உம்மா போட விடுகிறார் இல்லை. ஹராமை உடம்பில் ஏற்றிக்கொண்டு மௌத்தாக மாட்டேன் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?”

“இந்த ஊசி எதற்காக என்று வைத்தியரிடம் கேட்டீர்களா?” என்றேன்.

“காய்ச்சல் வராமல் இருக்கத்தானாக்கும்” என்றார்.

அது காய்ச்சலுக்கான ஊசி அல்ல. இரத்தம் கட்டியாக உறைவதைத் தடுக்கும் ஊசி. எதற்கென்று தெரியாத மருந்தை நிறுத்துவது எவ்வளவு இலகு! முதலில் அன்றே வைத்தியரைச் சந்திக்கும்படி அவர்களை அனுப்பினேன். பின்னர் எனக்குத் தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

இரத்தம் ஏன் உறைகிறது?

மீன் வெட்டும்போது விரலில் கத்தி பட்டால் சற்று நேரத்தில் இரத்தம் தானாக நின்றுவிடுகிறது. இது அல்லாஹ் நம் உடலில் வைத்த நிஃமத். ஆனால் காயமே இல்லாமல், காலின் ஆழத்திலுள்ள நாளத்தினுள் இரத்தம் உறைந்தால்? கால் வீங்கும், வலிக்கும். அந்தக் கட்டி பிரிந்து இரத்தத்தோடு சென்று நுரையீரலை அடைத்தால் சில நிமிடங்களில் உயிரே போகலாம்.

இரத்தம் உள்ளே உறைவதற்கு மூன்று நிலைமைகள் காரணமாகின்றன. இரத்த ஓட்டம் மந்தமாவது ஒன்று. குழாயின் சுவர் பாதிக்கப்படுவது இன்னொன்று. இரத்தமே உறையும் தன்மை கூடியதாக மாறுவது மூன்றாவது. புற்றுநோய் இம்மூன்றையும் ஒருங்கே கொண்டு வருகிறது. நோயாளி படுக்கையில் கிடக்கிறார். கட்டி நாளத்தை அழுத்துகிறது. சத்திரசிகிச்சையும் மருந்தேற்ற நாளத்தில் வைக்கும் குழாயும் சுவரைக் காயப்படுத்துகின்றன. புற்றுநோய்க் கலங்களோ உறைதலைத் தூண்டும் பொருட்களை இரத்தத்தில் கலக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் டெமொக்சிபன் போன்ற சில மருந்துகளும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவற்றின் நன்மை பெரிது.

தன் நோயைத் தானே அறிந்த வைத்தியர்

இந்தத் தொடர்பை 1865 ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் எடுத்துச் சொன்னவர் ஆர்மண்ட் ட்ரூஸோ என்ற வைத்தியர். காரணமின்றி நாளங்களில் இரத்தம் உறையும் நோயாளிக்கு உள்ளே மறைந்த புற்றுநோய் இருக்கலாம் என்று அவர் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். இரண்டு வருடங்களின் பின், 1867 இல், தம்முடைய நாளத்திலேயே அப்படியொரு கட்டி தோன்றியதைக் கண்டார். அதன் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது. அதே ஆண்டில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அன்று அவருக்குக் கொடுப்பதற்கு எந்த மருந்தும் இருக்கவில்லை.

அந்த மருந்துக்கான வழி 1916 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் திறந்தது. ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது, உறையாமல் தடுக்கும் பொருளொன்றைக் கண்டார். ஈரலிலிருந்து கிடைத்ததால், ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஹெபரின்’ என்ற பெயர் வந்தது. இன்று தினமும் ஒரு தடவை தோலின் கீழ் போடும் எனொக்சபரின் போன்ற ஊசிகள் ஹெபரினிலிருந்து தயாரிக்கப்படுபவை.

எத்தனை நாள்? யாருக்கு?

“ஒப்பரேஷன்தான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு ஊசி?” என்று பலர் கேட்கிறார்கள். 2002 இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. வயிற்றிலும் இடுப்பிலும் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை செய்தவர்களில் ஒரு சாராருக்கு எனொக்சபரின் ஒரு வாரமளவிலும், மறுசாராருக்கு நான்கு வாரங்களும் கொடுத்தார்கள். பின்னர் எல்லோரது கால் நாளங்களையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரத்துடன் நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குக் கட்டி இருந்தது. நான்கு வாரம் போட்டவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத்தான் இருந்தது. அந்த உம்மாவின் பையில் மிச்சமிருந்த ஊசிகளின் பெறுமதி இதுதான்.

அப்படியானால் புற்றுநோயாளர் அனைவருக்கும் இதைக் கொடுக்கலாமே? கூடாது. உறைவதைத் தடுக்கும் மருந்து இரத்தக் கசிவையும் ஏற்படுத்தும். கீமோதெரபி தொடங்குவோரில் ஆபத்துக் கூடியவர்களுக்கு அபிக்சபான் என்ற குளிசையைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2019 இல் வெளியானது. குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும், எடுக்காதவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கும் இரத்தக் கட்டி வந்தது. ஆனால் கடுமையான இரத்தக் கசிவு, எடுக்காதவர்களில் நூற்றுக்கு 2 பேரளவில் இருக்க, எடுத்தவர்களில் 3 முதல் 4 பேர் வரை இருந்தது. எனவேதான் வைத்தியர்கள் புற்றுநோய் எந்த இடத்தில் என்பதையும், இரத்தப் பரிசோதனை முடிவுகளையும், உடல் பருமனையும் வைத்துப் புள்ளியிட்டு யாருக்கு இது தேவை என்று தீர்மானிக்கிறார்கள். அடுத்த வீட்டாருக்குக் கொடுத்த மருந்து உங்களுக்குக் கொடுக்கப்படாமலிருப்பதற்கும் இதுவே காரணம்.

மாமி சொன்னது உண்மையா?

உண்மைதான். இன்று பாவனையிலுள்ள ஹெபரினில் பெரும் பகுதி பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்தே எடுக்கப்படுகிறது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் மார்க்கம் இந்த இடத்தில் நம்மைக் கைவிடவில்லை.

ஸூரதுல் பகரா 173 ஆம் வசனம் பன்றி மாமிசத்தை ஹராமாக்கிய அதே இடத்தில், நிர்ப்பந்தத்திற்கு உள்ளானவர் மீது குற்றமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சுத்தமான மாற்று மருந்து இல்லாதபோது நஜீஸான பொருளால் சிகிச்சை பெறலாம் என்பதை ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘அல்மஜ்மூஃ’ நூலில் விளக்கியுள்ளார்கள். இந்த ஊசியைப் பற்றியே தெளிவான தீர்மானமும் உண்டு. ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் சபை 2003 டிசம்பரில் மக்காவில் கூடி ஆராய்ந்தது. ஈடுசெய்யக்கூடிய ஹலாலான மாற்று இல்லாதபோது இதைக் கொண்டு சிகிச்சை பெறுவது ஆகும் எனவும், தேவையான அளவுக்கு மேல் செல்லக்கூடாது எனவும், சுத்தமான மாற்று உறுதியாகக் கிடைத்தால் அதற்கு மாறிக்கொள்ள வேண்டும் எனவும் தீர்மானித்தது. மாட்டிலிருந்து இதைத் தயாரிக்க முயற்சி எடுக்கும்படி முஸ்லிம் நாடுகளின் சுகாதார அமைச்சர்களையும் கேட்டுக்கொண்டது.

மாற்று உண்டா? சிலருக்கு உண்டு. ஃபொண்டபரினக்ஸ் என்ற ஊசியும், அபிக்சபான், ரிவரொக்சபான் ஆகிய குளிசைகளின் மருந்துப் பொருளும் இரசாயன முறையில் செய்யப்படுபவை. ஆனால் எல்லா நோயாளிக்கும் இவை பொருந்தா. வயிற்றிலோ குடலிலோ கட்டி உள்ளவர்களுக்குச் சில குளிசைகளால் இரத்தக் கசிவு கூடலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் தடைகள் உண்டு. ஆகவே “டொக்டர், இதற்குப் பன்றி கலவாத வேறு மருந்து எனக்குப் பொருந்துமா?” என்று கேட்பது உங்கள் உரிமை. அவர் பொருந்தாது என்றால் மனச்சங்கடமின்றி ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். கேட்காமலே நிறுத்துவதுதான் தவறு.

வீட்டிலுள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

* ஒரு கால் அல்லது ஒரு கை மட்டும் வீங்குதல், வலித்தல், சிவத்தல், சூடாயிருத்தல்.
* திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம், மயக்கம். இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும் வரை காத்திராமல் வைத்தியசாலைக்கு விரையுங்கள். வீங்கிய காலை எண்ணெய் பூசி உருவிவிடாதீர்கள்.
* மருந்து எடுப்பவருக்கு மலம் கறுத்துப் போனால், சிறுநீரில் இரத்தம் கண்டால், முரசிலிருந்து நிற்காமல் இரத்தம் வடிந்தால் உடனே அறிவியுங்கள்.
* வேறு வலிக் குளிசைகளையும் நாட்டு மருந்துகளையும் வைத்தியரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.
* வைத்தியர் அனுமதித்தால் நோயாளியை மெதுவாக நடக்கவிடுங்கள். பாசத்தால் படுக்கையிலேயே வைத்துப் பார்ப்பது நன்மையல்ல.

அந்தச் சகோதரி வைத்தியரைச் சந்தித்துவிட்டு மீண்டும் வந்தார். உம்மாவின் நிலைக்கு அதே ஊசியே பொருத்தம் என்று அவர் சொல்லியிருந்தார். நான் அவர்கள் வீட்டுக்குச் சென்று மக்காவின் தீர்மானத்தை உம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். அமைதியாகக் கேட்டார்.

“இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாமே, மகன்” என்றார்.

அன்றிரவே ஊசியைப் போட்டுக்கொண்டார். இன்று மூச்சும் நடையும் சீராக, கிளினிக்குக்குப் போய் வருகிறார். அல்ஹம்துலில்லாஹ்!

அந்த உம்மா சொன்னது எங்களைப் போன்ற உலமாக்களுக்கும் சேர்த்துத்தான். நோயாளர் வீடுகளுக்குச் செல்லும்போது துஆவோடு இந்தத் தெளிவையும் கொண்டு செல்வோம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக!