34 வருஷம் ஊருக்கெல்லாம் மக்ரூன்... முதல்முறையா வீட்டுக்கு! - அப்பாவும் ஒரு ஓடிஜி-யும்

சென்னையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், ஊருக்குப் போய்த் திரும்பினால் 'எப்படி இருக்கே?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். 'மக்ரூன் எங்கே?' என்றுதான் கேட்பார்கள். தூத்துக்குடிக்காரர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

ஆனால், எங்கள் வீட்டில் முழு மக்ரூனைப் பார்ப்பதே அபூர்வம். இத்தனைக்கும் அப்பா பேக்கரி மாஸ்டர். 34 வருஷம் ஒரே கடை. கடைக்கு வருபவர்களுக்கு வெள்ளை வெளேர் என்று கூம்பு கூம்பாக மக்ரூன். வீட்டுக்கு வருவது உடைசல். நுனி உடைந்தது, அடி ஒட்டியது, ஓரம் சிவந்தது என்று ஒரு பொட்டலம். அதோடு சில நாள் ஒரு தூக்குவாளி நிறைய மஞ்சள்கரு. மக்ரூனுக்கு வெள்ளைக்கரு மட்டும்தானே வேண்டும்? அந்த மஞ்சள்கருவில் அம்மா ஆம்லெட் போடுவார். ஆம்லெட் என்றாலே ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும் என்று ஐந்தாம் வகுப்பு வரை நம்பிக்கொண்டிருந்தேன் நான்.

தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு... ஊரே வீட்டில் இருக்கும் நாள்களில் அப்பா மட்டும் கடையில் இருப்பார். பேக்கரிக்கு அதுதானே சீசன்? விடிந்த பிறகு சட்டையெல்லாம் சர்க்கரை வாசத்தோடு வந்து படுப்பார். நாங்கள் சத்தம் போடாமல் பட்டாசு வெடிக்க வேண்டும். அது எப்படி முடியும் என்று எங்களுக்குத் தெரிந்ததே இல்லை.

போன வருஷம் அப்பா வேலையை விட்டுவிட்டார். மணிக்கட்டு வலி. தட்டைத் தூக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் பழக்கம் போகவில்லை. அதிகாலை 3 மணிக்கு முழிப்பு வந்துவிடும். ஆனால், போக இடம் இல்லை. ஒரு நாள் அம்மா போனில், "உங்கப்பா வாயே தொறக்க மாட்டேங்காவ... ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றார்.

அக்கா பையனுக்கு ஆறாவது பிறந்தநாள் வந்தது. போனஸ் பணத்தில் ஒரு சின்ன ஓடிஜி வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். அப்பா பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான். "எதுக்குட்டி இது? கடையில கிடைக்காததா?"

மூன்றே பொருள்... ஆனால், எளிதல்ல!

முந்திரி, சர்க்கரை, வெள்ளைக்கரு. தூத்துக்குடி மக்ரூனில் அவ்வளவுதான். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது, பேக்கிங் பவுடர்கூடக் கிடையாது. ஐரோப்பாவில் பாதாமில் செய்த பண்டம் இது. போர்ச்சுக்கீசியர் வழியாகத் தூத்துக்குடிக்கு வந்து, இங்கே பாதாமுக்குப் பதில் முந்திரி ஆனது என்பது எங்கள் ஊரில் சொல்லும் கதை. அந்த முந்திரியும் நம் ஊர்க்காரர் இல்லை. பிரேசிலில் இருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மரம்தான்.

மூன்று பொருள்தானே, வீடியோ பார்த்துச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். அப்பாவைக் கூப்பிட்டேன். வரவில்லை. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஈடு: பாயசம்

முந்திரியை மிக்ஸியில் போட்டு நைஸாக அரைத்தேன். ரொம்பவே நைஸாகிவிட்டது. எண்ணெய் விட்டு உருண்டையாகத் திரண்டுவிட்டது. வெள்ளைக்கருவை ஒரு பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி அடித்தேன். 20 நிமிஷம் ஆகியும் நுரை நிற்கவில்லை. இரண்டையும் கலந்ததும் பாயசம் மாதிரி ஓடியது.

அப்பா உள்ளே வந்தார். பேசினை எடுத்து முகர்ந்து பார்த்தார். "வடைக்கு மாவு பெசஞ்சதா இது?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆமாம், அதே பேசின்தான். பிளாஸ்டிக் பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது. வெள்ளைக்கருவில் இருக்கும் புரதம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் நுரை நிற்கிறது. துளி எண்ணெயோ, துளி மஞ்சள்கருவோ சேர்ந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும்.

இரண்டாவது ஈடு: வெளியே பிஸ்கட், உள்ளே ஜாம்

மறுநாள் எவர்சில்வர் பாத்திரம். எலுமிச்சை மூடியால் ஒரு தடவை துடைத்து, ஈரம் போகக் காயவைத்தேன். முந்திரியை விட்டு விட்டு, ரெண்டு ரெண்டு செகண்டாக ஓட்டினேன். நுரை நன்றாகவே வந்தது. பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. வாசலில் நின்றவர் லேசாகத் தலையாட்டினார்.

வீடியோவில் சொன்னபடி 150 டிகிரியில் 25 நிமிஷம் வைத்தேன். எடுத்தால், மேலே பழுப்பு நிறம். உடைத்தால், உள்ளே பிசுபிசு என்று ஜாம் மாதிரி. பல்லில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை.

இந்தத் தடவை அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஓடிஜி-யின் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் அவர் பார்த்தது விறகு அடுப்பு. சூடு எவ்வளவு என்பதைக் கையை நீட்டித்தான் பார்ப்பார். நம்பர் போட்ட அடுப்பு அவருக்குப் புதுசு.

"கடையில சாயங்காலம் ரொட்டி, பன்னு எல்லாம் எடுத்து முடிச்சு, அடுப்பு தணிஞ்ச பெறகுதான் மக்ரூன் உள்ள போகும். ராத்திரி பூரா கெடக்கும். அது வேகுறதுக்கு இல்லட்டி... காயுறதுக்கு."

எந்த வீடியோவிலும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மக்ரூனைச் சுடக் கூடாது, காயவைக்க வேண்டும்!

"இதுல ஆகக் கம்மி சூடு எவ்வளவு?" என்றார். 100 என்றேன். "அதுல வையி. கதவை ஒட்டச் சாத்தாத. ஆவி வெளிய போணும்."

மூன்றாவது ஈடு: அதிகாலை 3 மணி

பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி. அப்பா கையால் அள்ளி அள்ளிப் போட, நான் அடியில் கிச்சன் தராசை வைத்துக் கிராம் கணக்கை எழுதிக்கொண்டேன். "எழுதி என்ன செய்யப்போற?" என்றார். பதில் சொல்லவில்லை. மணிக்கட்டு வலி என்பதால் நுரை அடிக்கும் வேலையை எலெக்ட்ரிக் பீட்டரிடம் விட்டோம். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் அவர் சொன்னார். "போதும். இன்னும் அடிச்சா திரிதிரியா ஆயிரும்."

பட்டர் பேப்பரைச் சுருட்டிக் கூம்பு செய்து, கலவையை நிரப்பி, ஒரே அளவில் 30 மக்ரூன் பிழிந்தார். நான் பிழிந்த நான்கை மட்டும் தனியாகக் கண்டுபிடிக்கலாம்.

நடு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். மணி 3. அடுப்படியில் விளக்கு எரிந்தது. அணைத்துவைத்த ஓடிஜி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. நானும் தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார்.

"உங்க அக்கா பொறந்தது கிறிஸ்துமஸ் வாரம். ஒரு பொறந்தநாளுக்குக்கூட நான் வீட்டுல இருந்ததில்ல. ஊர்ல எத்தன பிள்ளைகளுக்குக் கேக்குல பேரு எழுதியிருப்பேன்... அவ பேர ஒரு தடவகூட எழுதல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அக்காவுக்கு இந்த டிசம்பர்ல எழுதுங்கப்பா" என்றேன். "இதுல அவ்ளோ பெரிய கேக்கு உள்ள போகுமா?" என்று ஓடிஜி-யை அளந்து பார்த்தார்.

விடிந்து எடுத்தால், வெள்ளை வெளேர் என்று 30 மக்ரூன். கடித்தால் மொறுக், நாக்கில் வைத்தால் கரைசல். அக்கா பையன் கணக்கில்லாமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டான். "தாத்தா, இதை நீயா செஞ்ச? கடையில வாங்கலையா?"

"நானும் உன் சித்தியும் செஞ்சது" என்றார் அப்பா. அன்று முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார்.

நீங்களும் செய்யலாம்... அப்பாவின் அளவு இதோ!

தேவையானவை (சுமார் 30 சின்ன மக்ரூன்களுக்கு): முட்டையின் வெள்ளைக்கரு - 2, பொடித்த சர்க்கரை - 100 கிராம், முந்திரி - 100 கிராம், எலுமிச்சைச் சாறு - சில துளிகள்.

1. முந்திரியை ஈரம் இல்லாத மிக்ஸி ஜாரில் விட்டு விட்டு ஓட்டி, ரவை பதத்துக்குப் பொடித்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கக் கூடாது.

2. முட்டை ஃப்ரிட்ஜில் இருந்தால், குளிர்ச்சியாக இருக்கும்போதே வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்துவிடுங்கள். அப்போதுதான் மஞ்சள் உடையாது. வெள்ளைக்கருவை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அடித்தால் நுரை நன்றாக வரும்.

3. எண்ணெய்ப் பிசுக்கில்லாத எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில், எலுமிச்சைச் சாறு விட்டு அடியுங்கள். நுரைத்த பிறகு சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்க்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நுரை அமுங்கிவிடும்.

4. கவிழ்த்தாலும் விழாத பதம் வந்ததும் பீட்டரை நிறுத்திவிட்டு, முந்திரிப் பொடியைத் தூவி, கரண்டியால் அடியில் இருந்து மேலாக மெதுவாகப் புரட்டுங்கள். வேகமாகக் கலக்க வேண்டாம்.

5. பட்டர் பேப்பர் கூம்பிலோ, ஓரம் வெட்டிய சுத்தமான கவரிலோ நிரப்பி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் சின்னச் சின்னதாகப் பிழியுங்கள்.

6. ஓடிஜி-யை 100 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு மணி நேரம் முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை வையுங்கள். மரக்கரண்டிக் காம்பைக் கொடுத்துக் கதவு கொஞ்சம் திறந்தபடி இருக்கட்டும். பக்கத்தில் குழந்தைகள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டு, ராத்திரி முழுக்க உள்ளேயே விட்டுவிடுங்கள்.

7. ஆறியதும் உடனே காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும். சர்க்கரை காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். மழை நாளில் அரை மணி நேரம் வெளியே இருந்தாலே பிசுபிசுத்துவிடும்.

சர்க்கரையைக் குறைக்கலாமா?

அம்மாவுக்குச் சுகர் இருப்பதால் நானும் இதைக் கேட்டேன். மக்ரூனில் சர்க்கரை வெறும் இனிப்புக்காக இல்லை, நுரையைத் தாங்கி நிற்பதும் அதுதான். பாதியாகக் குறைத்தால் கூம்பு சரிந்துவிடும். அதனால் சர்க்கரையைக் குறைப்பதைவிட எண்ணிக்கையைக் குறைப்பதே சரி. மேலே சொன்ன அளவில் ஒரு மக்ரூனில் சுமார் மூன்றரை கிராம் சர்க்கரை இருக்கும், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். பெரியவர்கள் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காபி, டீயில் போடுவதும் இதில் அடக்கம். வீட்டில் செய்வதில் இருக்கும் லாபமே இந்தக் கணக்கு நம் கையில் இருப்பதுதான். அம்மா ஒன்று எடுத்துக்கொண்டார், அன்றைக்குக் காபியில் சர்க்கரை போடவில்லை.

முந்திரி ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் சிலர் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மிஞ்சும் மஞ்சள்கருவை வீணாக்க வேண்டாம். ஆரஞ்சு நிற ஆம்லெட் நிஜமாகவே நன்றாக இருக்கும்!

கேட்டு வையுங்கள்!

எங்கள் வீட்டில் மக்ரூன் மாதிரி, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கும். ஆச்சியின் அதிரசப் பாகு, மாமாவின் அல்வாக் கிண்டல், அத்தை குக்கரில் மணல் போட்டுச் சுட்ட கேக்... 'கைப்பக்குவம்' என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். அந்தக் கைக்கு அடியில் ஒரு தராசை வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். அளவு கேட்கப் போனால், அளவோடு சேர்ந்து வேறு சிலதும் கிடைக்கும்.

இப்போது அப்பா வாரம் ஒரு ஈடு போடுகிறார். தெருப்பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். டிசம்பர் கேக்குக்கு இப்போதே ஒத்திகை நடக்கிறது என்று அம்மா சொன்னார். போன வாரம் எனக்கு ஒரு டப்பா பார்சல் வந்தது. வழியில் குலுங்கியதில் பாதி நொறுங்கிவிட்டது. முழுசாக இருந்ததை எல்லாம் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

உடைசலை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.